பஃபின் பார்க்கணும்னா முதல்ல தேதியை மாத்துங்க

லண்டன்ல இருக்கிற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார், ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் அம்மாவைக் கூட்டிட்டு ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற ஷெட்லாந்து தீவுகளுக்குப் போறாராம், அம்மாவுக்கு முழங்கால் வலி, பஃபின் பறவையை பக்கத்துல பார்க்க முடியுமா, என்ன பைனாகுலர் வாங்கலாம்னு.

தேதியை மாத்துங்க சார். பஃபின் ஏப்ரல்ல கரைக்கு வரும், முட்டை ஒண்ணே ஒண்ணுதான், குஞ்சு வளர்ந்ததும் ஆகஸ்ட் தொடக்கத்துலயே கடலுக்குக் கிளம்பிடும், அதுக்கப்புறம் அடுத்த ஏப்ரல் வரைக்கும் நடுக்கடல்தான். ஜூன் கடைசியில இருந்து ஜூலை பாதிக்குள்ள போயிடுங்க.

அம்மாவுக்கு சம்பர்க் ஹெட் போதும், ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, 1821ல கட்டின லைட்ஹவுஸ் நிக்கிற முனை. ரோடு கொஞ்சம் ஏத்தம், மெதுவா ஏறட்டும். கல் சுவருக்கு இந்தப் பக்கம் சும்மா நின்னாலே போதும், சாயங்காலம் அந்தப் பக்கம் புல்சரிவுல ஒவ்வொண்ணா வந்து இறங்கும், அலகுல சின்னச் சின்ன மீன் வரிசையா தொங்கிட்டிருக்கும். பஃபின் மண்ணுக்குள்ள வளை தோண்டித்தான் குஞ்சு வளர்க்கும், அதனால எங்க போனாலும் அந்த வளைக்கும் கடலுக்கும் நடுவுல மட்டும் நிக்காதீங்க, ப்ளீஸ். நீங்க நிக்கிற வரைக்கும் அது இறங்காம சுத்திக்கிட்டே இருக்கும், உள்ள குஞ்சு பட்டினி, மேல ஸ்குவாங்கிற பெரிய கடற்பறவை வேற மீனைப் பறிக்கக் காத்திருக்கும். ஷெட்லாந்தோட வடகோடியில ஹெர்மனெஸ்னு இன்னொரு பஃபின் இடம் இருக்கு, அது வேண்டாம், மணிக்கணக்கா நடக்கணும்.

பைனாகுலர் 8x42 வாங்குங்க, அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. 10x வேண்டாம், அந்தக் காத்துல கை ஆடும்.

ஒரு ராத்திரி மட்டும் அம்மாவை ரூம்ல விட்டுட்டு நீங்க மூசா தீவுக்கு போட்ல போயே ஆகணும். அங்க சுமார் 2000 வருஷம் பழைய கல் கோபுரம் ஒண்ணு இருக்கு, 13 மீட்டர் உசரம், அதோட கல்லிடுக்குல ஸ்டார்ம் பெட்ரல்ங்கிற கடற்பறவை கூடு கட்டுது. சிட்டுக்குருவி சைஸ்தான், 25 கிராம் இருக்கும், ஆனா குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவோட தென்கோடிக் கடல் வரைக்கும் போயிட்டு வருது. கடற்காகத்துக்குப் பயந்து இருட்டினாத்தான் கரைக்கு வரும், ஜூன்ல அங்க முழுசா இருட்டுறதும் இல்ல, அந்த மங்கல்ல வவ்வால் மாதிரி தலையைச் சுத்திப் பறக்கும். சுவர்ல காதை வச்சுப் பாருங்க, உள்ள பூனை உறுமுற மாதிரி ஒரு சத்தம் விடாம கேட்கும், நடுநடுவுல விக்கல் மாதிரி நிக்கும். அங்க டார்ச்சை பறவை மேல அடிக்காதீங்க, ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

கடல் கொந்தளிச்சா போட் கேன்சல் ஆயிடும், அதனால முதல் ராத்திரிக்கே புக் பண்ணுங்க, ரெண்டு ராத்திரி கையில ஸ்பேரா இருக்கட்டும்.