மணிக்கூட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கேள்வி: வெளிநாட்டில் இருந்து அண்ணா விலைகூடிய உருக்கு மணிக்கூடு அனுப்பியிருக்கிறார். கீறல் விழாமல் இருக்க மெல்லிய ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டவா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: கண்ணாடிக்குத் தேவையே இல்லை. விலைகூடியவற்றில் பெரும்பாலும் சஃபயர் (செயற்கை நீலக்கல்) கண்ணாடிதான்; கடினத்தை 1 முதல் 10 வரை தரம்பிரிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 9. எங்கள் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. மணலால் அதைக் கீற முடியாது. உருக்கு மணலைவிட மென்மை, அதுதான் கீறுப்படும். முதலில் அடிவாங்குவது மேசையில் உரசும் செயின் கொளுக்கி. ஒட்டுவதானால் அதற்கும் பளபளப்பான பக்கங்களுக்கும் மட்டும் ஒட்டுங்கள். வன்னி வெயிலில் வியர்வையும் தூசியும் ஸ்டிக்கர் ஓரத்தால் உள்ளே போகும். ஓரம் கிளம்பியதும் கழற்றிவிடுங்கள். விட்டால் உள்ளே சிக்கிய மணலே அரம்போல வேலை செய்யும்.

ஸ்டிக்கரைவிடப் பெரிய எதிரி, புழுதியோடு சாரத்தால் துடைப்பது! 100 மீற்றர் நீர்காப்பு உள்ளதென்றால் நேரம் மாற்றும் பக்கத் திருகை இறுக்கிப் பூட்டி, இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பழைய பல் பிரஷால் செயின் இடுக்குகளைத் தேயுங்கள். பிறகு அலசி, ஒற்றி எடுங்கள். தோல் பட்டி என்றால் தண்ணீர் கூடாது. பழைய மணிக்கூடானால் நீர் புகாமல் தடுக்கும் உள் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம், ஈரத்துணியே போதும்.

சின்னக் கீறலுக்கெல்லாம் பொலிஷ் போடக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் தேயும், கூரான விளிம்பு மழுங்கும், விற்கும்போது விலையும் இறங்கும். வயல் வேலைக்கு மலிவான ஒன்றைக் கட்டுங்கள்.