கேள்வி–பதில்: சிறுநீரகமும் நரம்பும் உப்பும்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் கழுத்தளவு நீரில் அரைமணி நேரமாவது நிற்பேன். கரையேறுவதற்குள் சிறுநீர் முட்டிவிடுகிறது. குளிர்ச்சியாலா?
– வாசகர், திருவையாறு

குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் வெதுவெதுப்பான நீரில் நின்றாலும் இதேதான் நடக்கும். நீரின் அழுத்தம், காலிலும் வயிற்றிலும் தங்கிய ரத்தத்தை நெஞ்சுக்குள் தள்ளுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் மூளை, சிறுநீரகத்துக்குப் போகும் சிம்பதெடிக் நரம்புகளை (உடலை அவசரநிலைக்குத் தயார்செய்யும் நரம்புகள்) அடக்குகிறது. நீரைத் தேக்கும் வாசோப்ரெஸின் ஹார்மோனும் குறைகிறது. மேலறைகளோ உப்பை வெளியேற்றும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கின்றன. மூன்றும் சேர்ந்து சிறுநீரைக் கூட்டுகின்றன.

அந்த நரம்பு முனைகளில் வெளிப்படும் வேதிப்பொருள் நார்அட்ரினலின். நரம்பின் தூண்டல் லேசாக இருந்தால், ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் ரெனின் சுரப்பு மட்டும் கூடும். சற்று ஏறினால் சிறுநீரகத்தின் நுண்குழல்கள் உப்பிலுள்ள சோடியத்தைக் கூடுதலாகத் திரும்ப இழுக்கும். அதற்கும் மேலே போனால்தான் ரத்தக்குழாய் சுருங்கி ஓட்டம் குறையும். அதாவது ரத்த ஓட்டம் துளியும் குறையாமலே சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்க முடியும். ஒரு நாளில் வடிகட்டப்படும் சுமார் 180 லிட்டர் திரவத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. 99 சதவீதத்துக்கு மேல் உடலுக்கே திரும்புகிறது. இதில் ஒரு சதவீதம் முன்னே பின்னே போனாலே 15 கிராம்! உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழேதான்.

இதயம் பலவீனமானவர்கள் கழுத்தளவு நீரில் நெடுநேரம் நிற்க வேண்டாம். நெஞ்சுக்கு வரும் கூடுதல் ரத்தம் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம்.

வெயிலில் நடவு முடித்து வந்ததும் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறோம். சிறுநீரகம் கெடும் என்பது வெறும் மிரட்டலா?
– வாசகி, மன்னார்குடி

மிரட்டல் இல்லை. மாத்திரையைவிட, அதைப் போடும் நேரம்தான் ஆபத்து. வியர்வையில் நீரும் உப்பும் போனதும் நார்அட்ரினலினும், குழாயைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினும் சேர்ந்து சிறுநீரக ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுக்கு முன்னால் ஒரு குட்டிக் குழாய், பின்னால் ஒன்று. வாய்க்காலின் தலைமதகும் கடைமதகும் மாதிரி. தலைமதகு அடைபடாமல் பிடித்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை அதன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. ஏற்கெனவே எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பின்குழாயும் தளர்ந்திருக்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் சட்டென்று விழும்.

வீடு திரும்பியதும் முதலில் ஓ.ஆர்.எஸ். (உப்பு–சர்க்கரைக் கரைசல் பொடி). பாக்கெட்டில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு அடர்த்தி இரட்டிப்பாகும், வாந்தி வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போன பிறகும் வலி இருந்தால் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதையும் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஐ.சி.யு.வில் அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தது. சிறுநீரைக் கூட்டும் டோபமின் மருந்தை ஏற்றச் சொன்னோம், மருத்துவர் மறுத்துவிட்டார். சரியா?
– வாசகர், கும்பகோணம்

சரிதான். உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 1 முதல் 3 மைக்ரோகிராம் வீதம் ஏற்றினால் டோபமின் சிறுநீரக ரத்தக்குழாய்களை விரிக்கும், சோடியம் மீட்பைக் குறைக்கும், சிறுநீரும் கூடும். ‘சிறுநீரக டோஸ்’ என்று பெயர் சூட்டிப் பல்லாண்டு இதை ஏற்றினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐ.சி.யு.க்களில் 328 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 2 மைக்ரோகிராம் வீதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. டோபமின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பில் வித்தியாசமே இல்லை. சிறுநீர்ப் பை நிறைவது வேறு, சிறுநீரகம் பிழைப்பது வேறு. போதாததற்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு முதலில் ஏற்றுவது குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலினைத்தான். சராசரி ரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறினால், சுருக்கத்தையும் மீறிச் சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேர்கிறது.

பூனைக்காலி விதை உடம்பிலுள்ள உப்பை இறக்குமாமே?
– வாசகி, வேதாரண்யம்

அதில் டோபமினின் மூலப்பொருளான லெவோடோபா இருப்பது உண்மை. சிறுநீரக நுண்குழல்கள் லெவோடோபாவை டோபமினாக மாற்றி உப்பைக் கழிப்பதும் உண்மை. ஆனால் அந்த வேலைக்கு ரத்தத்தில் இயல்பாக உள்ளதே போதும். விதைக்கு விதை அளவு மாறும், வாந்தி வரும், எழுந்து நிற்கும்போது அழுத்தம் விழும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் மயங்கி விழவும் கூடும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்பதுதான் வழி. நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு என்ற கணக்கில் இவையும் அடக்கம்.

பிரஷர் உள்ளவர் ஜலதோஷ மாத்திரை போடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் இருந்தால் வேண்டாம். இரண்டும் நார்அட்ரினலின் பாதையிலேயே வேலை செய்து அழுத்தத்தை ஏற்றும். புராஸ்டேட் வீங்கிய முதியவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். மூக்கடைப்புக்கு சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்து போதும்.