முழு நாடும் சட்டத்தை மதிச்சதாம்

கேள்வி (கொக்குவிலில இருந்து ஒரு வாசகர்): கொரோனா நேரம் முழு நாடும் சட்டத்தை மதிச்சு நடக்க, முஸ்லிம் ஆக்கள் மட்டும் மையத்தை (செத்தவையின்ர உடம்பை) புதைக்கத்தான் வேணும் எண்டு அடம்பிடிச்சது சரியோ?

பதில்: "முழு நாடும்" எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, நான் இருந்தது வேற நாடு போல. லொக்டவுன் நேரம் எங்கட ஒழுங்கையில ஒரு கலியாணம், ஆக்களைக் குறைக்கச் சொல்லிச் சட்டம், இவை மூண்டு பந்தி வைச்சவை. பீ.எச்.ஐ.யின்ர (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டதும் சனம் பின்வளவால பாய, மாப்பிள்ளையின்ர பெரியப்பா கிளுவை வேலியில வேட்டி கொழுவி அந்தரத்தில நிண்டார், வாயில பாதி வடை, மாஸ்க் நாடியில. "ஐயா என்ன செய்யிறியள்?" எண்டு கேட்டால் "வேலி அடைக்க வந்தனான் தம்பி" எண்டார். பட்டு வேட்டியோட!

வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவை நிப்பாட்டச் சொல்லி, முஸ்லிம் மார்க்க அறிஞர்களின்ர சபையான ஜம்இய்யத்துல் உலமா 2020 மார்ச்சிலயே சொல்லிப்போட்டுது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதே, அங்க இருந்தால் வெளிக்கிடாதே எண்டு நபிமொழியே இருக்கு. பள்ளியைப் பூட்டினவையைப் போய் அடம் எண்டுறியள்.

புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியும், 2020 ஏப்ரல் 11 அரசாங்க வர்த்தமானியில கொரோனாவில செத்தவையை எரிக்கத்தான் வேணும் எண்டு போட்டவை. காரணம் நிலத்தடி நீர் கெட்டுப்போகுமாம்! (நான் கிணத்துக்கதை தொடங்கினால் சலிக்கிறவை பக்கத்தைப் பிரட்டுங்கோ.) சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்தது, தோட்டத்து யூரியா சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால நேர கிணத்துக்க இறங்குது, மலக்குழிக்குப் பக்கத்திலயே கிணறு, அதுக்கெல்லாம் ஒரு இரவில வர்த்தமானி வந்ததோ? செத்த சனத்தாலதான் தண்ணி கெடுமாம், விசர்க்கதை. 2020 டிசம்பரில 20 நாள் குழந்தையையும் பெத்தவையின்ர சம்மதமில்லாமல் எரிச்சவை. சனம் கொழும்பில கனத்தை மயானத்து வேலியில வெள்ளைத் துணி கட்டிச்சுது, முஸ்லிம் ஆக்கள் மையத்துக்குச் சுத்திற கபன் துணி, வேற என்னத்தைச் செய்யிறது?

பொத்துவிலில இருந்து பொலிகண்டி வரைக்கும் 2021 பெப்ரவரியில ஊர்வலமா நடந்தவையும் இதைக் கேட்டவை, அதில எங்கட ஆக்கள் கனபேர், உங்களைக் காணேல்லை. அந்த மாதக் கடைசியிலதான் புதைக்க விட்டவை, அதுவும் முதல்ல கிளிநொச்சிப் பக்கத்து இரணைதீவிலயாம், அங்கத்தைய சனம் மறிக்க மட்டக்களப்புப் பக்கத்து ஓட்டமாவடியில. பிறகு 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தண்ணிக்கு ஒண்டும் நடக்கேல்லை.

உங்கட வளவில மலக்குழிக்கும் கிணத்துக்கும் இடையில எத்தினை அடி எண்டு அளந்து எழுதுங்கோ, அடுத்த இதழில போடுறன்.