பான் கார்டில் யாரோ எடுத்த கடன்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

எடுக்காத 18,000 ரூபாய் கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் நிற்கிறது, வசூல்காரர் தினமும் கூப்பிடுகிறார் என்கிறீர்கள். தொல்லை விட்டால் போதுமென்று ஒரு ரூபாய்கூடக் கட்டிவிடாதீர்கள், கடனை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்றும் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள், குட்டு அங்கேதான் உடையும்.

அப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். எனக்கு இரண்டு காட்டியது, நான் வைத்திருப்பதோ ஒன்று! எங்கேயோ கொடுத்த ஜெராக்ஸ்தான் காரணமாக இருக்கும். இனி நகல் கொடுத்தால் அதன் குறுக்கே, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதாரென்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலைக் கொடுங்கள்.