மையா, காகிதமா?

கேள்வி: பவுண்டன் பேனாவில் ப்ளூ பிளாக் மை ஊற்றி எழுதுகிறேன். ஒரு நோட்டில் அழகாக நிற்கிறது, இன்னொன்றில் கசிந்து பின்பக்கமும் தெரிகிறது. மையில் கோளாறா? – வாசகி, கரூர்

பதில்: மையைக் குறை சொல்லாதீங்க, பெரும்பாலும் காகிதம்தான் காரணம். மை உள்ளே ஊறாமலிருக்க காகிதத்துக்கு ஸ்டார்ச் மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள். அது குறைந்தால் மை நார் வழியே ஓடி எழுத்துக்கு மீசை முளைத்துவிடும். தடிமனான காகிதம்தான் நல்லது என்றில்லை. 52 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 52 கிராம் எடை) டோமோயே ரிவர் என்ற ஜப்பானியக் காகிதம் அவ்வளவு மெல்லிசு, ஆனாலும் மை மேலேயே நிற்கும், என்ன, காய நேரமாகும், கை பட்டால் தீற்றிவிடும்.

அப்புறம் மையையும் பாருங்கள். பெலிக்கன் 4001 ப்ளூ பிளாக் போன்ற பழைய பாணி மையில் இரும்பு உப்பும், நம் நாட்டு மருந்துக் கடை மாசிக்காயில் இருப்பது போன்ற டானின் வகைப் பொருளும் உண்டு; எழுதும்போது நீலம், காற்றுப் பட்டபின் கறுக்கும், நனைந்தாலும் லேசில் அழியாது. சுமாரான காகிதத்திலும் கசிவு குறைவு என்பதால் உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். அமிலத்தன்மை உள்ளது, பேனாவில் காயவிடாதீர்கள்.

புது நோட்டு என்றால் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதி, மறுநாள் திருப்பிப் பாருங்கள். பட்டை நிப்பில் மை அதிகம் இறங்கும், மெல்லிய நிப்பிலும் எழுதிப் பாருங்கள்.