மச்சானின் டார்கெட்டும் உங்கள் கட்டைவிரலும்

கேள்வி: கோவை குறிச்சி சிட்கோ பக்கம் வாடகை ஷெட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பவர் பிரஸ், உதவிக்கு இரண்டு பையன்கள். 2012 வரை கம்பெனி வேலை, அப்புறம் சொந்தமாக ஜாப் ஆர்டர். எல்லாம் போக மாதம் 55,000 நிற்கும், வீட்டுச் செலவு 38,000. வருமான வரி ரிட்டர்னில் வருடத்துக்கு 3.6 லட்சம் காட்டுகிறேன். இரண்டு மாதம் முன்பு பக்கத்து ஷெட் ஓனருக்கு பிரஸ்ஸில் வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பேங்க்கில் கேட்டால், வருடம் ஒரு லட்சம் கட்டினால் உறுதியான வருமானமும் ஊன ரைடரும் சேர்ந்த ஒரு திட்டம் இருக்கிறது என்கிறார்கள். மனைவியின் அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவரிடம் ஏற்கெனவே ஐந்து பாலிசி, வருடம் 1,14,000 பிரீமியம். மார்ச்சில் பணம் இருக்காது, மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கட்டுகிறேன். இப்போது அடகில் நிற்பது 2.4 லட்சம், 12% வட்டி. "ஜிஎஸ்டி போயிடுச்சு, இப்ப எடுத்தா லாபம், அதே ரைடரை நானே போட்டுத் தர்றேன்" என்கிறார் மச்சான். பேங்க்கில் எடுப்பதா, மச்சானிடம் எடுப்பதா?

பதில்: இரண்டு பேரிடமும் எடுக்காதீர்கள். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் இந்த இரண்டு பேரும் விற்கிற சரக்கு அந்தப் பயத்துக்கு மருந்து இல்லை.

முதலில் அந்த ரைடர், அதாவது பாலிசியோடு ஒட்டிக் கொடுக்கும் கூடுதல் காப்பு. அதன் முழுப் பெயரைப் படித்தீர்களா? பெரும்பாலும் 'விபத்தினால் ஏற்படும் முழுமையான நிரந்தர இயலாமை' என்றிருக்கும். இதில் 'முழுமையான' என்ற இடத்தில்தான் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால், அல்லது ஒரு கையும் ஒரு காலும் என்று இந்த மாதிரிப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் இனி எந்த வேலையும் செய்து சம்பாதிக்க முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். அதுவும் பல பாலிசிகளில் ஆறு மாதம் பொறுத்து, நிலைமை மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் கொடுப்பார்கள். பக்கத்து ஷெட்காரரிடம் இதே ரைடர் இருந்திருந்தால் ஒரு ரூபாய் வந்திருக்காது. அவரால் லேத் ஓட்ட முடியாமல் போகலாம், ஆனால் கடையில் உட்கார்ந்து பில் போட முடியுமே என்று கம்பெனி சொல்லும், அது சொல்வது பாலிசிப்படி சரியாகவும் இருக்கும்.

உங்கள் தொழிலில் ஆபத்து விரலில்தான் இருக்கிறது. அதற்குப் பணம் தருவது பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஹெல்த் கம்பெனிகளும் விற்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, 'பர்சனல் ஆக்சிடென்ட்' என்பார்கள். அதிலேயும் பகுதி இயலாமைக்கான அட்டவணை உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். பல பாலிசிகளில் அந்த அட்டவணை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கண்ணோ ஒரு கையோ போனால் காப்பீட்டுத் தொகையில் 50%, கட்டைவிரல் முழுதாகப் போனால் 25%, ஆள்காட்டி விரலுக்கு 10%. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரலுக்கு வந்தால் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். 35 லட்சத்துக்கு எடுத்திருந்தால் கட்டைவிரலுக்கு 8.75 லட்சம், ஆள்காட்டி விரலுக்கு 3.5 லட்சம். பெரிய பணம் இல்லைதான். ஆனால் ரைடரில் இதே விரல்களுக்கு வருவது பூஜ்யம்.

கூடவே 'தற்காலிக முழு இயலாமை' என்ற சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள். கையில் தையல் போட்டு மூன்று மாதம் மெஷினைத் தொட முடியாமல் வீட்டில் இருந்தால் வாரம் இவ்வளவு என்று தருவது அது, பொதுவாக 100 வாரம்வரை. வாரம் 7,000 என்று வைத்தால் 12 வாரத்துக்கு 84,000. மூன்று மாத வீட்டுச் செலவு 1,14,000, அதில் முக்கால்வாசி வந்துவிடும். வேடிக்கையைப் பாருங்கள், நீங்கள் மச்சானுக்கு வருடா வருடம் கட்டுவதும் அதே 1,14,000தான்.

35 லட்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கம்பெனிக்காரர்கள் பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போலப் பத்து மடங்கு அளவில் நிறுத்திக்கொள்வார்கள் (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்), வாரத் தொகையையும் வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அவர்களுக்கு உங்கள் வருமானம் நீங்கள் ரிட்டர்னில் காட்டிய 3.6 லட்சம்தான், பட்டறையில் நிற்கும் 6.6 லட்சம் இல்லை. வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பயம் இப்போது தேவையே இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம்வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி போக வரியே வராது. அடுத்த ரிட்டர்னில் உண்மையைக் காட்டுங்கள், அப்புறம் காப்பீட்டை 60 லட்சம் வரைக்கும் ஏற்றலாம். 38,000 செலவை 58 வயதுவரை, அதாவது 17 வருடத்துக்குக் கணக்குப் போட்டால், விலைவாசி ஏறுவதை விட்டுவிட்டாலே 77 லட்சம் வருகிறது. அந்தப் பக்கம் அவ்வளவு பள்ளம், இந்தப் பக்கம் உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது?

20 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்தப் பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்தால் முழு இயலாமைக்கு 2 லட்சம், ஒரு கை அல்லது ஒரு கால் அல்லது ஒரு கண்ணுக்கு 1 லட்சம். விரலுக்கு ஒன்றும் இல்லை. பைக் இன்சூரன்ஸோடு வரும் 15 லட்சம் வண்டியில் போகும்போது மட்டும். கம்பெனியில் இருந்த காலத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், வேலையில் விரல் போனால் மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்று பார்த்து ஆயுள் முழுக்க மாதாமாதம் கொடுத்திருக்கும். 2012-ல் ஓனர் ஆனபோது அது கம்பெனி கேட்டிலேயே நின்றுவிட்டது. சொந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மெஷின் லோனுக்கு அலைகிற அலைச்சலில் இதை யாரும் யோசிப்பதில்லை.

இனி மச்சான் விஷயம். உங்களுக்கு நிஜமாகவே கேடு செய்வது பவர் பிரஸ் இல்லை, மார்ச் மாதம்தான். டார்கெட் முடிய வேண்டும் என்று அவர் வருகிறார், நீங்கள் மறுக்க முடியாமல் நகையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். 2.4 லட்சத்துக்கு 12% என்றால் வருடம் 28,800, மாதம் 2,400 வெறும் வட்டி. அந்தக் கடனை வாங்கி எதில் போடுகிறீர்கள்? 5 அல்லது 5.5 சதவீதம் தரும், காப்பீடும் சேமிப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசியில். 12-க்கு வாங்கி ஐந்தரைக்குக் கொடுக்கிற வியாபாரத்தை உங்கள் பட்டறையில் ஒரு நாள் செய்வீர்களா? தங்கையின் நகை அடகுக்கடையில் இருப்பது அண்ணனுக்குத் தெரியுமா என்றும் எனக்குச் சந்தேகம், தெரியாது என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி போனது உண்மைதான், 2025 செப்டம்பர் 22-லிருந்து. எண்டோமென்டில் அந்த ஜிஎஸ்டி முதல் வருடம் 4.5%, அப்புறம் 2.25% ஆக இருந்தது. 28,000 பிரீமியத்துக்கு முதல் வருடம் 1,260 ரூபாய் மிச்சம். அதற்காக இருபது வருடக் கடமையைத் தலையில் ஏற்றிக்கொள்வதா?

நீங்கள் அனுப்பிய விவரப்படி ஐந்தையும் பார்த்தேன். 2013-ல் எடுத்த இரண்டும் 2028-ல் முதிர்கின்றன, சேர்த்து 31,000, அவற்றைத் தொடாதீர்கள், கடைசி வருடங்களில் நிறுத்துவது நஷ்டம். 2019-ன் 24,000 பாலிசியையும் 2021-ன் 31,000 பாலிசியையும் 'பெய்ட்-அப்' ஆக்குங்கள், அதாவது இனி பிரீமியம் கட்டாமல், இதுவரை கட்டிய அளவுக்கு மட்டும் பாலிசியை ஓட விடுங்கள். பணம் போய்விடுமோ என்று பதற வேண்டாம். 2019 பாலிசி 4.5 லட்சத்துக்கு, 20 வருடம், 7 பிரீமியம் கட்டியாயிற்று என்றால் 20-ல் 7 பங்கு, அதாவது ஒன்றரை லட்சத்துச் சொச்சமும் இதுவரை சேர்ந்த போனஸும் முதிர்வில் வரும். போன மார்ச்சில் எடுத்த 28,000 பாலிசிக்கு ஒரே ஒரு பிரீமியம்தான் கட்டியிருக்கிறீர்கள். 2024 அக்டோபருக்குப் பிறகான பாலிசிகளில் ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டி அந்த வருடம் முடிந்தாலே பாலிசியை முறித்தால் திரும்பத் தரும் ஏதோ ஒரு சரண்டர் தொகை உண்டு, கிளையில் எழுதிக் கேளுங்கள். பாதிக்குப் பாதி போனாலும் போகட்டும், இன்னும் 19 வருடம் அதைச் சுமப்பதைவிட மேல்.

இந்த மூன்றும் நின்றால் வருடம் 83,000 கைக்கு வருகிறது. விபத்துக் காப்பீட்டுக்கு உங்கள் மாதிரி மெஷின் தொழிலுக்கு வாரத் தொகையோடு சேர்த்து ஏழெட்டாயிரம் ஆகலாம். 75 லட்சத்துக்கு, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் வெறும் டேர்ம் பாலிசி பதினைந்து, பதினெட்டாயிரம் (பிரீமியம் திரும்பத் தரும் டேர்ம் என்று காட்டுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்). மீதியில் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் நிற்கும், அது முழுதும் அடகுக்கடைக்கு. அதைவிட வேகமான வழி ஒன்றும் இருக்கிறது. தங்கம் இன்று விற்கிற விலைக்கு, மனைவி சம்மதித்தால், ஒரே ஒரு உருப்படியை விற்று மற்றதை மீட்டுவிடலாம். சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், நகை அவருடையது.

நோய் வந்து வேலை செய்ய முடியாமல் போனால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நோயோ விபத்தோ, உங்கள் தொழிலைச் செய்ய முடியவில்லை என்றால் ஓய்வு வயதுவரை மாத வருமானம் தரும் காப்பீடு உண்டு. நம் ஊரில் உங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர் தனியாகப் போய் வாங்க அப்படி ஒன்று கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது தீவிர நோய்க் காப்பீடு, பட்டியலில் உள்ள நோய்க்கு மொத்தமாக ஒரு தொகை. அதிலும் பக்கவாதம் என்றால் நரம்புப் பாதிப்பு குறைந்தது மூன்று மாதம் நீடித்து, நிரந்தரம் என்று தெரிய வேண்டும். லேத்தில் இருபது வருடம் குனிந்து நின்றவனுக்கு வருகிற இடுப்பு வலியும் டிஸ்க் விலகலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. நகை மீண்ட பிறகு 10, 15 லட்சத்துக்கு ஒரு தீவிர நோய்ப் பாலிசி எடுக்கலாம். ஆனால் இடுப்புக்குக் காவல் பேங்க்கில் கிடக்கும் ஆறு மாதச் செலவுப் பணம்தான், உங்கள் கணக்குக்கு 2.28 லட்சம். அதை எந்தத் திட்டத்திலும் பூட்டாதீர்கள், சாதாரண எஃப்டி போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த இரண்டு பையன்கள். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் பெரும்பாலும் ஈஎஸ்ஐ வராது, அதனால் அவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு உங்கள் தலையில். 22 வயதுப் பையன், சம்பளம் 15,000, கட்டைவிரல் போனால் 30% இழப்பு என்பது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. சம்பளத்தில் 60%, அதாவது 9,000. அதை வயதுக்கான காரணி 221.37-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 19.9 லட்சம். அதில் 30% ஏறக்குறைய 6 லட்சம். இதற்கென்று முதலாளிகள் எடுக்கிற தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது, இரண்டு பேருக்கு பிரீமியம் பெரிதாக வராது. உங்கள் சொந்த பாலிசி எடுக்கிற அதே வாரம் அதையும் எடுத்துவிடுங்கள். பிரஸ்ஸுக்கு இரண்டு கை பட்டன் (இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்) இல்லை என்றால் அதைப் போடுகிற செலவு இந்த எல்லா பிரீமியத்துக்கும் முன்னால் வர வேண்டியது.

மச்சானைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டோடு ஜெனரல் இன்சூரன்ஸ் ஏஜென்சியும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், பல ஏஜென்ட்கள் இரண்டும் வைத்திருக்கிறார்கள். இருந்தால் விபத்துக் காப்பீட்டையும் பையன்களுக்கான பாலிசியையும் அவரிடமே எடுங்கள், கமிஷன் சின்னதாக வரும், வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ப்ரொபோசல் ஃபார்மை மட்டும் அவர் நிரப்பக் கூடாது. பிரீமியம் குறையட்டும் என்று தொழில் என்ற கட்டத்தில் 'பிசினஸ்' என்றோ 'சூப்பர்வைசர்' என்றோ எழுதிவிடுவார்கள், விரல் போன பிறகு கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். 'பட்டறை உரிமையாளர், லேத், மில்லிங் மெஷின், பவர் பிரஸ் தானே இயக்குபவர்' என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.