14 இலக்கெல்லாம் வேண்டாம்

22 உறுப்பினர்களோடு போன வருடம் 14 இலக்கு போட்டு மூன்றுதான் முடிந்தது, ஜூலை 1-ல் ரோட்டரி சங்கத் தலைவராகப் பொறுப்பேற்கிறேன், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள், நான்கே போதும். மரம் நடுவதை வடகிழக்குப் பருவமழைக்கு, அக்டோபருக்குத் தள்ளுங்கள். நாங்கள் பதவியேற்பு ஜோரில் ஜூலையிலேயே நட்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கம்பி வேலி மட்டும்தான் மிச்சம். ரத்ததான முகாம் மூன்று வைக்கலாம், ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும் என்பதால் நான்கு மாதத்துக்கு ஒன்று சரியாக வரும். அப்புறம், ஒவ்வொன்றுக்கும் ‘குழு’ என்று எழுதாமல் ஒருவர் பெயரை எழுதுங்கள். பொருளாளரை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம், சந்தா வசூலிலேயே அவருக்கு மூச்சு வாங்கும்.